தொட்டி அவங்களோடது, அபராதம் நமக்கா?



நம்ம ரோட்டோரத்துக் கிராமங்களில் மூன்று வீட்டுக்குத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. மூன்றும் ஒரே கம்பெனி ஆபீஸில் இருந்து வந்தவை. மூன்றிலும் ஒரே கையெழுத்து. விஷயமும் ஒன்றுதான். நம்ம நிலத்துக்கு அடியில் அவர்கள் புதைத்துவிட்டுப் போன பழைய டீசல் தொட்டிக்கு நாம் அபராதம் கட்ட வேண்டுமாம்!

நோட்டீஸ் இங்கிலீஷில் இருக்கிறது. வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூட இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஒருத்தர் அதை நாலு நாள் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். என்னமோ கடன் தள்ளுபடிக் காகிதம் என்று நினைத்துக்கொண்டாராம். காலேஜ் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்து படித்துச் சொன்ன பிறகுதான் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

கம்பெனிக்காரன் என்ன சொல்கிறான், அதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு, நம்ம பக்கம் தப்பு இருக்கிறதா, இனி என்ன செய்யணும் என்று எல்லாவற்றையும் ஒளிவு மறைவில்லாமல் இந்தத் துண்டறிக்கையில் எழுதியிருக்கிறோம். படித்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நடந்தது என்ன?

1970-களிலும் 80-களிலும் ரோட்டோரம் நிலம் வைத்திருந்த சம்சாரிகளிடம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். "25 சென்ட் குடுங்க, பங்க் போடறோம், மாசம் பிறந்தா வாடகை" என்றார்கள். அப்போது பாதிக் கிணறுகளில் ஆயில் என்ஜின்தான் ஓடியது. டிராக்டரும் வர ஆரம்பித்த காலம். டீசல் பக்கத்திலேயே கிடைத்தால் நல்லதுதானே என்று நம்ம பெரியவர்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள்.

முதல் நோட்டீஸ் வந்த பெரியவர் கொடுத்தது அப்படித்தான். 1979-ல் பத்திரம். 20 வருஷக் கெடு. மாதம் 150 ரூபாய் வாடகை. கடைசி வரை அந்த 150 ரூபாய் 151 ஆகவில்லை. 20 வருஷத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் 36,000 ரூபாய்.

அப்புறம் பைபாஸ் ரோடு வந்தது. லாரி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வியாபாரம் படுத்தது. 1999-ல் கெடு முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் வந்து பம்பைக் கழற்றினார்கள், போர்டைக் கழற்றினார்கள், கூரைத் தகரத்தைக்கூட எண்ணி ஏற்றினார்கள். சாவியைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மண்ணுக்குள் இருந்த தொட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏன்? தகரத்தைக் கழற்ற இரண்டு ஆள் போதும். தொட்டியை எடுக்க கிரேன் வேணும், ஜேசிபி வேணும், செலவு வேணும். அவ்வளவுதான் காரணம்.

பெரியவர் இரண்டு தடவை நேரில் போய்க் கேட்டார். "அது காலித் தொட்டி, உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று திருப்பி அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை.

போன வருஷம் அந்த இடத்தில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி எடுத்தபோது மண்ணே கருப்பாக, டீசல் வாடையோடு வந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் 60 அடியில் கிணறு. பயந்துபோய் ஜேசிபி வைத்துத் தொட்டியை வெளியே எடுத்தார். அடிப்பக்கம் துருப்பிடித்துப் பல்லாங்குழி மாதிரி ஓட்டை. மண் வண்டி கொண்டுவந்து குழியை மூடினார். எல்லாம் சேர்த்துச் செலவு 34,000 ரூபாய். துருப்பிடித்த இரும்பைப் பழைய இரும்புக் கடைக்காரர் 21,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஆக, பெரியவர் கைக்காசு 13,000 ரூபாய் போயிற்று.

ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் தொட்டியை எடுத்ததற்கு அபராதம் 1,00,000 ரூபாய். தொட்டியின் விலை 62,000 ரூபாய். மேற்பார்வைக் கட்டணம் 18,000 ரூபாய். மொத்தம் 1,80,000 ரூபாய்! யார் வந்து மேற்பார்வை பார்த்தார்கள் என்று நோட்டீஸில் இல்லை.

20 வருஷம் அவர்கள் கொடுத்த மொத்த வாடகை 36,000. இப்போது கேட்கிற அபராதம் அதைப்போல ஐந்து மடங்கு! நிலத்தைக் கொடுத்தவன் வாங்கினதுக்கு ஐந்து மடங்கு திருப்பிக் கொடுக்கணும் என்றால் இது வாடகையா, கந்து வட்டியா?

இரண்டாவது நோட்டீஸ் ஒரு அம்மாவுக்கு. அவர் வீட்டுக்காரர் 2012-லேயே தொட்டியை எடுத்துவிட்டார். அப்போதே கம்பெனி ஆள் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போனார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரும் இறந்துபோனார். இத்தனை வருஷம் கழித்து, கேட்க ஆள் இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டு 95,000 ரூபாய் கேட்கிறார்கள்.

மூன்றாவது நோட்டீஸ்தான் வேடிக்கை. அந்தத் தம்பி தொட்டியைத் தொடவே இல்லை. அவருக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "உங்கள் நிலத்தில் உள்ள பழைய தொட்டியை 30 நாளில் உங்கள் செலவில் அகற்ற வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம்." ஒரு வருஷம் போனால் 1,82,500 ரூபாய்!

எடுத்தாலும் அபராதம், எடுக்காவிட்டாலும் அபராதம்!

மக்களே, இந்த மூன்று நோட்டீஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெரியவரிடம் "தொட்டி எங்க சொத்து, ஏன் எடுத்தாய்?" என்கிறான். தம்பியிடம் "தொட்டி உன் பொறுப்பு, ஏன் எடுக்கவில்லை?" என்கிறான். ஒரே ஆபீஸ், ஒரே கையெழுத்து, ஒரே மாதம்!

நாம் கேட்பது ஒரே கேள்விதான். தொட்டி யாருடையது?

கம்பெனியுடையது என்றால் அதை எடுத்துப் போக வேண்டியது கம்பெனி. தம்பிக்கு நோட்டீஸ் விட என்ன உரிமை? அதோடு, 1999-லிருந்து அந்தத் தொட்டி நம்ம மண்ணுக்குள் எந்த வாடகையில் படுத்திருந்தது?

நிலத்துக்காரருடையது என்றால் பெரியவர் தன் பொருளைத் தான் எடுத்தார். அதுக்கு விலையும் அபராதமும் கேட்க நீ யார்?

இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். எதைச் சொன்னாலும் பாதி நோட்டீஸ் குப்பைக்குப் போகும். அதனால்தான் நேரில் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் என்றாலே நம்மை மிரட்ட வருவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். இந்த விஷயத்தில் சட்டம் நம்ம பக்கம்தான் அதிகம் பேசுகிறது.

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 108-வது பிரிவு, நிலத்தை வாடகைக்கு எடுத்தவன் என்ன செய்யணும் என்று சொல்கிறது. அவன் மண்ணில் பதித்து வைத்த பொருளை, இடம் அவன் வசம் இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு உரிமை இல்லை. எடுத்தால் நிலத்தை வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போகணும். கெடு முடிந்தால் நல்ல நிலைமையில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கணும்.

1999-ல் சாவி கொடுத்த அன்றைக்கே தொட்டியை எடுக்கும் உரிமை போயிற்று. நிலத்தை நல்ல நிலைமையில் கொடுக்கும் கடமையைச் செய்யாமல் போனார்கள். உரிமையைத் தவறவிட்டவனும் அவன், கடமையைச் செய்யாதவனும் அவன். அபராதம் மட்டும் நமக்கா?

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால், அந்த ஷரத்துதான் முதலில் பார்க்கப்படும். அதனால் நோட்டீஸ் வந்தவர் முதலில் செய்ய வேண்டியது பத்திரத்தைத் தேடி எடுப்பது. பெரியவரின் பத்திரத்தை நாங்கள் வரி வரியாகப் படித்தோம். தொட்டியை நிலத்துக்காரர் எடுக்கணும் என்றும் இல்லை, எடுத்தால் அபராதம் என்றும் இல்லை.

அடுத்தது, அபராதத் தொகையை யார் முடிவு பண்ணுவது? ஒப்பந்தத்தை மீறினாய் என்று குற்றம் சொல்கிறவனே நீதிபதியாக உட்கார்ந்து தொகையும் போட முடியுமா? முடியாது! கர்நாடகத்தில் ஒரு அரிசி ஆலைக்கு எதிராக அரசாங்கமே இப்படித்தான் செய்தது. மீறினாய் என்று தானே சொல்லி, நஷ்டத் தொகையையும் தானே போட்டு, நில வரிப் பாக்கி மாதிரி வசூல் பண்ணப் போனது. மீறல் நடந்ததா என்பதே தகராறில் இருக்கும்போது ஒரு தரப்பே தீர்ப்புச் சொல்ல முடியாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாங்கத்துக்கே கிடையாது என்றால் ஒரு கம்பெனி மேனேஜருக்கு ஏது?

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. பத்திரத்திலேயே அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேல் போகாமல் நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். இங்கே பத்திரத்தில் தொகையே இல்லை. ஓட்டை விழுந்த தொட்டி போனதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? பத்து லட்சம் லாபம் வரும் தொட்டியா அது?

அந்த அம்மா விஷயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தை மீறினார் என்று பணம் கேட்டு வழக்குப் போட, காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷம்தான் கெடு. 2012-ல் வந்து போட்டோ பிடித்துவிட்டு இத்தனை வருஷம் தூங்கினவர்கள் இன்றைக்கு எழுந்து வந்தால் செல்லாது. அம்மா பயப்பட வேண்டாம்.

"ஜப்தி" என்று நோட்டீஸின் கடைசியில் ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வீட்டில் அழுகை. கேட்டுக்கொள்ளுங்கள். கோர்ட்டில் வழக்குப் போட்டு, இரண்டு பக்கமும் விசாரித்து, தீர்ப்பு வாங்காமல் கம்பெனி ஆள் எவனும் உங்கள் களத்தில் கால் வைத்து ஒரு கோழியைக்கூடப் பிடிக்க முடியாது. தீர்ப்பே வந்தாலும், விவசாயி பிழைக்கத் தேவையான ஆடு மாடு, கலப்பை கருவி, விதை நெல், குடியிருக்கிற வீடு இவற்றுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது.

பாதுகாப்பு என்று பேசுகிறார்களே?

பேசட்டும். அதையும் பேசுவோம். இதில் நம்ம பக்கம் ஒரு தப்பு இருக்கிறது, அதை மறைக்க மாட்டோம்.

பழைய தொட்டியை ஜேசிபி வைத்துத் தோண்டி எடுத்தது ஆபத்தான வேலை. பெரியவருக்கும் கூட இருந்த ஆட்களுக்கும் ஒன்றும் ஆகாதது தெய்வச் செயல். எண்ணெய் நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் மோசம். அடியில் தங்கின கழிவில் இருந்து ஆவி எழுந்து உள்ளே நிறைந்திருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். உள்ளே இறங்கினவன் மூச்சு முட்டி அங்கேயே விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். கேஸ் கட்டர் வைத்து இரும்பை வெட்டுவது எமனைக் கூப்பிட்டுக் காப்பி கொடுப்பது மாதிரி.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறோம். இனிமேல் எந்த விவசாயியும் தானாகத் தொட்டியைத் தோண்டக் கூடாது. பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. குழந்தைகளை விடக் கூடாது. ஆவி முழுக்கப் போய்விட்டது என்று தகுதி உள்ளவர் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே அதில் வேலை செய்யணும். நம்ம சங்கம் அபராதத்தை எதிர்க்கிறது. ஆபத்தை ஆதரிக்கவில்லை.

ஆனால் அந்த ஆபத்தை மண்ணுக்குள் வைத்தது யார்? 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, டீசலை ஒரே இடத்தில் 2500 லிட்டருக்கு மேல் வைத்தாலே லைசென்ஸ் வேணும். அதற்குள் வைத்தாலும் ஒரு பாத்திரத்தில் 1000 லிட்டரைத் தாண்டக் கூடாது. ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கிற தொட்டியைச் சும்மா புதைக்க முடியாது. லைசென்ஸ் வாங்கித்தான் புதைத்தார்கள். அந்த லைசென்ஸ் யார் பேரில் இருந்தது? பெரியவர் பேரிலா? அந்த அம்மா பேரிலா? அவர்கள் அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பங்க் நடக்கும்போது லைசென்ஸும் லாபமும் கம்பெனிக்கு. மூடின பிறகு துருவும் நாற்றமும் பொறுப்பும் சம்சாரிக்கு. நல்லாயிருக்குதே நியாயம்!

பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்றால் அதைப் பார்க்க மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. நாக்பூரில் தலைமையிடம், சென்னையிலும் ஆபீஸ் உண்டு. தண்டனை கொடுக்கக் கோர்ட் இருக்கிறது. கம்பெனி தன் கல்லாவில் போட்டுக்கொள்ள அபராதம் வசூலிக்கலாம் என்று பெட்ரோலியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

பழைய இரும்பு விற்ற 21,000 ரூபாயைப் பற்றியும் கேட்கிறார்கள். திருட்டு என்றுகூட ஒரு அதிகாரி வாய் விட்டார். திருட்டு ராத்திரியில் நடக்கும். பெரியவர் பட்டப்பகலில், ஊர் பார்க்க எடுத்தார். ரசீதும் வைத்திருக்கிறார். கணக்குப் பார்க்க நாங்கள் தயார். வரவு 21,000, செலவு 34,000. பாக்கி 13,000 ரூபாய் கம்பெனிதான் பெரியவருக்குக் கொடுக்கணும்.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம்: தண்ணீர்

1,80,000 ரூபாய் பெரிய தொகைதான். அதைவிடப் பெரிதாக நம்ம கிணறு இருக்கிறது.

டீசல் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். ஓட்டை விழுந்த தொட்டியில் இருந்து கசிந்தது மண்ணுக்குள் இறங்கி, நீர்மட்டத்தில் போய்ப் பரவி நிற்கும். மழைக்கு நீர்மட்டம் ஏறினால் அதுவும் ஏறும், கோடையில் இறங்கினால் அதுவும் இறங்கும். அப்படி ஏறி இறங்கி மண் முழுக்கப் பூசிவிடும். இரும்பை எடுத்துவிட்டதால் மண் சுத்தமாகிவிடாது.

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் என்ன ஆனது? பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. பட்டணத்து ஜனம் குடத்தோடு தெருவுக்கு வந்தது. டிவியில் காட்டினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று. பட்டணத்துக்காவது லாரித் தண்ணீர் வரும். நம்ம கிணறு கெட்டால் மாட்டுக்கு எந்த லாரி வரும்? தென்னைக்கு எந்த லாரி வரும்?

கெடுத்தவனே செலவு பண்ணிச் சரி செய்யணும் என்பது சட்டம். நம்ம தமிழ்நாட்டு வழக்கிலேயே அது வந்தது. வேலூர்ப் பக்கம் தோல் ஷாப்புக் கழிவால் பாலாற்றுப் பகுதி நாசமானதற்கு, 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. 2010-ம் வருஷத்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நஷ்ட ஈடு கேட்க ஐந்து வருஷம் கெடு. கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, தூங்கக் கூடாது.

இப்போது புரிகிறதா, கம்பெனி ஏன் முந்திக்கொண்டு நோட்டீஸ் விடுகிறது என்று? தொட்டியை நிலத்துக்காரர்தான் எடுத்தார், கசிவுக்கும் அவர்தான் பொறுப்பு என்று காகிதம் தயார் பண்ணத்தான். அபராதத்தை ஒருத்தர் கட்டிவிட்டால், "தப்பை ஒப்புக்கொண்டார்" என்று நாளைக்குக் கிணற்று வழக்கில் அதையே காட்டுவான். 1,80,000 கொடுத்து நம்ம கிணற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

"கட்டிட்டுப் போயிடலாம்" என்கிறவர்களுக்கு

நம்ம ஆட்களிலேயே சிலர் சொல்கிறார்கள். "பெரிய கம்பெனியோட மோத முடியுமா? பேசி ஐம்பதாயிரத்துக்கு முடிச்சுக்கலாம்." அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோர்ட் வாசலில் செருப்புத் தேய்ந்த அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது.

ஆனால் யோசியுங்கள். இந்த ரோட்டில் மூடின பங்க் இந்த மூன்றுதானா? முதல் ஆள் ஐம்பதாயிரம் கட்டினால் அதுவே ரேட் ஆகிவிடும். அடுத்த ஊருக்கும் அதே நோட்டீஸ் போகும். ஒருத்தர் குனிந்தால் எல்லார் முதுகிலும் ஏறுவான்.

1970-ல் கரண்டுக் கட்டணத்தில் ஒரு பைசாவுக்காக நம்ம பெரியவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். "ஒரு பைசாதானே" என்று அன்றைக்கும் சிலர் கேட்டார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர் கொடுத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூர் வீதியெல்லாம் கட்டை வண்டியை நிறுத்தினார்கள். அவர்கள் அன்றைக்கு "கட்டிட்டுப் போயிடலாம்" என்று நினைத்திருந்தால் இன்றைக்கு நம்ம மோட்டாருக்கு இலவச மின்சாரம் ஏது?

நோட்டீஸ் வந்தவர்கள் செய்ய வேண்டியது

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வந்தது என்று மட்டும் போடுங்கள்" என்று சொல்லி நீட்டுகிற காகிதத்தையும் சங்கத்தில் காட்டாமல் தொடாதீர்கள். ஒரு ரூபாய்கூட முன்பணமாகக் கட்டாதீர்கள்.

நோட்டீஸைக் கிழிக்கவும் கூடாது, பதில் போடாமல் விடவும் கூடாது. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். பத்திர நகல் இல்லாதவர்கள் சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்றும் நகலும் வாங்குங்கள். வாடகை வந்த ரசீது, மணியார்டர் துண்டு, பழைய மனு நகல், தொட்டி போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். பதில் எழுத நாங்கள் கூட இருக்கிறோம். தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசுக் கம்பெனி என்றால் 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் வரணும். லைசென்ஸ் யார் பேரில் இருந்தது, எந்தத் தேதியில் முடிந்தது, தொட்டியைக் காலி செய்து சோதித்த காகிதம் எங்கே, எந்தச் சட்டப் பிரிவின்படி அபராதம் போட்டீர்கள் என்று நாலு கேள்வி கேட்டால் போதும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் தாலுகா கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைக்கும். அந்த அம்மாவுக்காக நாங்கள் ஏற்கெனவே மனுக் கொடுத்துவிட்டோம்.

நமது கோரிக்கைகள்

1. மூன்று நோட்டீஸையும் கம்பெனி எழுத்து மூலம் வாபஸ் வாங்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

2. மூடின பங்க் இடங்கள் எல்லாவற்றையும் வருவாய்த்துறை, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றும் சேர்ந்து, நிலத்துக்காரர் முன்னிலையில் பார்வையிட வேண்டும்.

3. மிச்சம் இருக்கிற தொட்டிகளைக் கம்பெனி தன் செலவில், முறையான பாதுகாப்போடு எடுத்து, கெட்ட மண்ணை அகற்றி நல்ல மண் நிரப்பித் தர வேண்டும்.

4. சுற்றியுள்ள கிணறு, போர் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்து எண்ணெய்க் கலப்பைச் சோதித்து, முடிவைத் தமிழில் தர வேண்டும். கெட்ட கிணற்றுக்காரருக்கு நஷ்ட ஈடும், சரியாகும் வரை தண்ணீரும் தர வேண்டும்.

5. சொந்தக் காசில் தொட்டி எடுத்தவர்களுக்கு, இரும்பு விற்ற வரவைக் கழித்து மீதிச் செலவைத் தர வேண்டும்.

இதில் எது அநியாயக் கோரிக்கை? கம்பெனியை மூடச் சொன்னோமா? கோடி ரூபாய் கேட்டோமா? வைத்தவன் எடு, கெடுத்தவன் சரி பண்ணு. இவ்வளவுதான்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுக்கிறோம். நோட்டீஸ் வந்த மூன்று பேரும் முன்னால் வருவார்கள். துருப்பிடித்த தொட்டியின் அடித்தகடு ஒன்று, கடைக்காரர் திருப்பிக் கொடுத்தது, நம்மிடம் இருக்கிறது. அதையும் எடுத்து வருகிறோம், ஓட்டையைக் கலெக்டர் தன் கண்ணால் பார்க்கட்டும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேனில் வரும். அதைக் குடிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டோம், மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் போதும்.

பால் கறந்து ஊற்றிவிட்டு, காலை எட்டு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். உங்கள் நிலத்தில் தொட்டி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நிலத்துக்கு வரப்பு உண்டு, நிலத்தடித் தண்ணீருக்கு வரப்பு கிடையாது!

புதைத்தவனே தொட்டியை எடு!
கெடுத்தவனே கிணற்றைச் சரி செய்!
அநியாய அபராதத்தை வாபஸ் வாங்கு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!